எஸ்ராவின் இடத்தில் உட்கார்ந்தவள்

ஏப்ரல் 27, ஞாயிறு.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. வேறு ஆள் இல்லாததால் நாற்காலியில் நான் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. நெல்டா உட்காரத் தயாராக இருந்தார், சட்டையைக் கையில் வாங்கியும்விட்டார். கையைத் தூக்கி நான் உட்காருகிறேன் என்று சொன்னது நான்தான். சின்னத் தவறு. ஆனாலும் திருத்தி எழுதுகிறேன்.

இவ்வளவு எழுதியதும் ஜோலி ப்ரூடெக்கின் கையிலிருந்து பேனா நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை. வலது கையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. நிறம் மாறவில்லை, வீக்கம் இல்லை. ஆனால் அவை அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, அவளுக்குத் தெரியவில்லை.

ஜோலிக்குப் பகலில் போர்ட் மார்லோ ஏரிக்கரைச் சாலையில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. மாலையில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு. அன்றன்று செய்த தவறை அன்றன்றே எழுதிவைக்கும்படி முதல் வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவளுக்கு அந்தப் பழக்கம் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அன்று அவள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான். நேற்று மதியம் பெவ் கடையில் அவள் வாயிலிருந்து வந்தது அவளுடைய பேச்சா, இன்னொருவனுடையதா?

அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வியாழனன்று நடந்தது. அதன் முதல் சுற்றில் போர்ட் மார்லோ பைலட்ஸ் அணி எஸ்ரா ட்ரம்மெட்டைத் தேர்ந்தெடுத்தது. அலபாமாவில் ஒரு கல்லூரிக்கு ஆடியவன், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். ஊரே எதிர்பார்த்தது ப்ரைஸ் ஹாக்னரை. அவன் முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தடுக்கிறவன், மலை மாதிரி ஆள். போன வருடம் முழுக்கப் பைலட்ஸின் பந்தெறிகிறவன் நின்ற நேரத்தைவிட மல்லாந்து கிடந்த நேரமே அதிகம் என்பதால், ஹாக்னரின் பெயர் வரும் என்று ஆட்கள் பட்டாசுகூட வாங்கி வைத்திருந்தார்கள். ட்ரம்மெட்டின் பெயரைக் கேட்டதும் ஊர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டவள் ஜோலி ஒருத்திதான்.

டிராஃப்ட் முடிந்த சனிக்கிழமை மதியம் பெவ் லுட்விக்கின் மதுக்கடையில் விசாரணை நடக்கும். பெவ்விடம் ஒரே ஒரு நீலச் சட்டை உண்டு. முதுகிலிருந்து போன வருடத்துப் பெயரைப் பிரித்துவிட்டு இந்த வருடத்துப் பெயரைத் தைப்பார். பழைய பெயர்களின் ஊசித் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிறைந்து, அந்த இடத்துத் துணி சல்லடை மாதிரி ஆகியிருந்தது. யாராவது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த ஆட்டக்காரனாகவே 'நான்' என்று பேச வேண்டும். எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். 'தெரியாது' என்று சொன்னால் பெவ்வின் காரமுள்ளங்கி விழுது ஒரு கரண்டி. கண்ணில் தண்ணீர் வராமல் அதை விழுங்கியவர் எவருமில்லை. கடைசியில் எல்லோரும் ஆளுக்கொரு பாட்டில் மூடியைப் போடுவார்கள். ஒரு கண்ணாடி ஜாடி 'சரியான ஆள்', இன்னொன்று 'தப்பான ஆள்'. அடுத்த டிராஃப்ட் வரைக்கும் ஜாடிகள் அலமாரியில் அப்படியே இருக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் அவற்றைக் காட்டி ஒருவரை ஒருவர் குத்திக்காட்டிக்கொள்ளலாம்.

நேற்று சண்டை சட்டை போடுவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

"முன்னாடி நிக்க ஆளே இல்ல, இதுல ஓடறவன் எதுக்கு?" துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற டுவேன் மேசையைத் தட்டினார். "பந்தைக் கையில வாங்கறதுக்குள்ள அவன் மேல மூணு பேர் ஏறி உக்காந்திருப்பான். ஹாக்னரை எடுத்திருந்தா பத்து வருஷத்துக்கு நிம்மதி."

"ஹாக்னர் ஹாக்னர்னு உருகறியே, கட்டிக்கப் போறியா அவனை?" என்றார் நெல்டா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், அவர் குரல் கடைசி இருக்கை வரை போகும். "ஃபிரிட்ஜுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கான்."

"ஃபிரிட்ஜுதாம்மா வேணும்! பந்தெறியற நம்ம பையனுக்கு முன்னாடி நிறுத்த எனக்கு ஃபிரிட்ஜுதான் வேணும்!"

கடையே சிரித்தது. டுவேன் விடவில்லை. "இந்த ட்ரம்மெட்டுக்குப் பந்தை ஒழுங்காப் பிடிக்கவே தெரியலை. மைதானத்து வலது கோட்டை ஒட்டி ஓடினா வலது கையில வெச்சுக்கணும். பள்ளிக்கூடப் பசங்களுக்கே தெரியும். இவன் எந்தப் பக்கம் ஓடினாலும் இடது கைதான். எதிராளிக்கிட்ட பந்தை நீட்டிக்கிட்டே ஓடறான், எடுத்துக்கோ ராசான்னு."

"அதெல்லாம் பயிற்சியில சரியாயிடும். டிவியில எல்லாரும் சொல்றாங்க," என்றார் நெல்டா.

"டிவியில ஹாக்னரைத்தான் எடுப்போம்னுகூடச் சொன்னாங்க."

அந்த இடத்தில்தான் ஜோலி கையைத் தூக்கினாள். நெல்டா உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கேலியாக்கிவிடுவார் என்று அவளுக்குப் பயம். எஸ்ராவுக்காக நல்ல பதில்கள் வைத்திருந்தாள். ஓடும்போது அவன் தோளை எப்படித் தாழ்த்துகிறான், கணுக்காலை எப்படித் திருப்புகிறான் என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். பந்தை இடது கையில் பிடிப்பதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். சின்ன வயதுப் பழக்கம், மாற்றிக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

சட்டை சில்லென்று இருந்தது, துவைத்து ஈரம் காயாதது போல. நாற்காலியில் சாய்ந்ததும் முதுகில் பெயரின் தையல் உறுத்தியது.

"எங்க ஊர் குளிர் தாங்குவியா தம்பி?" என்று நெல்டா ஆரம்பித்தார்.

"அம்மா ஒரு குல்லா பின்னிக் கொடுத்திருக்காங்க மேடம்."

சிரிப்பு. ஜோலியும் சிரித்தாள். ஆனால் அவள் யாரையும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. குல்லாவைப் பற்றி எங்கும் படித்ததாகவும் நினைவில்லை.

டுவேன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லு ராசா, பந்தை ஏன் எப்பவும் இடது கையிலயே வெச்சிருக்கே?"

"வலது கையில வெச்சா பந்து இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னுட்டா! முள்ளங்கி! பெவ், முள்ளங்கி கொண்டா!"

பெவ் கரண்டியோடு வந்தார். ஜோலி நிறுத்தவில்லை. நிறுத்த நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. குரல் மாறவில்லை, கண் சொருகவில்லை. கடைக்குப் போய் என்ன வாங்கி வந்தோம் என்று சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"சுண்டுவிரலும் பக்கத்து விரலும் செத்துப்போச்சு. மழையில ஆடின ஆட்டம். நான் குனிஞ்சேன், எதிராளியோட தலைக்கவசம் இங்க வந்து இடிச்சுது." கழுத்தும் தோளும் சேரும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கேருந்து விரல் நுனி வரைக்கும் சூடான கம்பியை உருவின மாதிரி இருந்துச்சு. சேத்துல குப்புறக் கிடந்தேன், வாயெல்லாம் புல்லு. எழுந்திரிக்கலைன்னா அம்மா கேலரிப் படியிறங்கி வந்துடுவாங்க. அதனால எழுந்தேன். அன்னிக்கு இன்னும் நாலு தடவை ஓடினேன். யார்கிட்டயும் சொல்லலை. ஆரம்பத்துல உணர்ச்சி போகும், வரும். இப்போ அந்த விரலுங்க எங்க இருக்குன்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

பெவ்வின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"போதும். கழட்டு," என்றார் பெவ்.

சட்டையைத் தலைவழியாக உருவும்போதுதான் ஜோலி தன் வலது கையைப் பார்த்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை போல அது அவள் மடியில் கிடந்தது.

"நடிக்கறதுக்கும் ஒரு அளவு வேணும் பொண்ணே," என்றார் டுவேன். ஆனால் அவர் அதை மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரு மூடிகூட விழவில்லை. இரண்டு ஜாடிகளும் காலியாகவே அலமாரிக்குத் திரும்பின.

ஞாயிறு காலை ஜோலி ஒழுங்காகவே கண்டுபிடிக்கும் வேலையைத் தொடங்கினாள். முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். போன செவ்வாய் வகுப்பில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளைப் பற்றித்தான் பாடம். கழுத்தின் அடியில் கிளம்புகிற நரம்பு அந்த இரண்டு விரல்களுக்குத்தான் போகிறது என்று ஆசிரியர் பலகையில் வரைந்து காட்டியிருந்தார். ஆக, பாடத்தையும் டுவேனின் கேள்வியையும் சேர்த்து அவள் தலையே ஒரு கதை கட்டியிருக்கலாம். கை மரத்ததுகூட அந்தக் கதையை அவளே நம்பிவிட்டதால் இருக்கலாம். அப்படி நடக்கும் என்றும் ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

பிறகு எஸ்ராவின் பழைய ஆட்டங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். மழையில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். இரண்டாம் பாதியில் எதிராளி ஒருவன் தாழப் பாய்ந்து மோதுகிறான். எஸ்ரா சேற்றில் குப்புற விழுகிறான். கேமரா உடனே பார்வையாளர்களுக்குத் தாவிவிடுகிறது. திரும்பி வரும்போது அவன் எழுந்துவிட்டான். தலைக்கவசத்தின் வாரை இடது கையால் சரிசெய்கிறான். வலது கை தொடையோடு ஒட்டித் தொங்குகிறது. அந்த மோதலுக்கு முன்பு வலது பக்கம் ஓடினால் பந்து வலது கையில். அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை. மாதக்கணக்கில் தொலைக்காட்சிக்காரர்களும் அணிகளின் ஆள் தேடுகிறவர்களும் டுவேனும் கெட்ட பழக்கம் என்று பேசித் தீர்த்தது இதைத்தான்.

ஆனால் இந்த ஆட்டத்தை அவள் பிப்ரவரியிலேயே பார்த்திருந்தாள். அப்போது கண்ணில் பட்டது மனதுக்குள் தங்கி நேற்று வெளியே வந்திருக்கலாம். இதுவும் எதையும் நிரூபிக்கவில்லை. ஒரு காகிதக் கவ்வியை நிமிர்த்தி விரல்களில் குத்திப் பார்த்தாள். மூன்று விரல் வலித்தது. இரண்டு விரல் சும்மா இருந்தது. குத்திய இடத்தில் ரத்தம் துளிர்த்ததைப் பார்த்துத்தான் அழுத்தமாகக் குத்திவிட்டோம் என்று தெரிந்தது.

அவள் பெவ் கடைக்குப் போனபோது தேவாலயத்துக்குப் போனவர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. பெவ் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டுவேன் ஓரத்தில் காபியோடு உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்காத முகம்.

"இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி ஆயிருக்கா பெவ்?"

"குடிச்சுட்டு உளறினவங்களைத்தான் பாத்திருக்கேன்." பெவ் துடைப்பதை நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் சொல்றேன், சிரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அந்தப் பேரைத் தைக்க உக்காந்தேன் பாரு. எழுத்துக்கு எழுத்து ஓட்டை முன்னாடியே இருந்துச்சு. பழைய பேர் எதுவும் அந்த இடத்துல அப்படி வராது. நான் ஊசிக்கு வழியே தேடலை. அதுவா போச்சு."

"பேரைப் பிரிச்சுடலாமே."

"பிரிச்சா அந்தப் பையனுக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? நான் தொட மாட்டேன்."

டுவேன் கோப்பையை நகர்த்தினார். "அது நெசம்னா நாம வாங்கினது செத்த கை. ரேடியோவுக்குப் போன் போடறேன். ஊரே கேக்கட்டும்."

"போட்டு என்ன சொல்லுவே? எங்க கடைச் சட்டை சொல்லிச்சுன்னா?"

பெவ் ஜோலியின் பக்கம் திரும்பினார். "மைதானத்து வாசல்ல இன்னிக்கு அவன் கையெழுத்துப் போடறானாம். போய்ப் பாரு. நீ கத்துக்கிட்ட படிப்பு இருக்குல்ல, கையைப் பாரு."

மைதானத்து வாசலில் ஏரியிலிருந்து வந்த காற்று கூடாரத் துணிகளை அடித்துக்கொண்டிருந்தது. வெங்காயமும் சாசேஜும் வறுபடும் புகை வரிசை முழுக்க நீண்டிருந்தது. எஸ்ரா ட்ரம்மெட் புதுச் சட்டை, கம்பளிக் குல்லாவோடு மேசைக்குப் பின்னால் இருந்தான். குல்லா கையால் பின்னியது. ஜோலி அதிலிருந்து சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அவன் இடது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், எழுதப் பழகும் குழந்தையைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு. வலது கை மேசைக்கு அடியில் இருந்தது.

"இடதுகைக்காரன்," என்றார் முன்னால் நின்றவர் தன் மனைவியிடம். "இடதுகைக்காரங்க ராசிக்காரங்க."

முறை வந்ததும் ஜோலி மற்றவர்களைப் போலத் தொப்பியை நீட்டவில்லை. குனிந்து, "மழையில ஆடினீங்களே, அன்னிக்குச் சேத்துல விழுந்தப்போ உங்க வாயில புல்லு இருந்துச்சு. அம்மா இறங்கி வந்துடுவாங்கன்னு எழுந்தீங்க," என்றாள்.

பேனா நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளைவிட இரண்டு வயது சின்னவனாக இருப்பான்.

"யார் சொன்னாங்க மேடம்?"

"நீங்கதான்."

காவலுக்கு நின்றவரிடம் ஏதோ சொல்லிவிட்டு அவன் எழுந்து கூடாரத்துக்குப் பின்னால் வந்தான். பெவ் கடை, சட்டை, நாற்காலி என்று அவள் கோர்வையாகச் சொல்ல முயன்றாள். இடையிடையே "நான் தப்பாகூடச் சொல்லலாம்" என்று சேர்த்துக்கொண்டாள். அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"நேத்து மதியமா?" என்றான். "ஓட்டல் அறையில இருந்தேன். காபியை எடுத்தேன், பழக்கத்துல வலது கையால. சூடா இருந்துச்சு மேடம். சூடுன்னு விரல்ல தெரிஞ்சுது. எத்தனை மாசமாச்சு! நான் உக்காந்து அழுதுட்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டேன், கழட்டினேன், மறுபடி போட்டேன். கொஞ்ச நேரந்தான். அப்புறம் யாரோ விளக்கை அணைச்ச மாதிரி போயிடுச்சு."

ஜோலி வலது கையை நீட்டினாள். அவன் இடது கையால் அவள் சுண்டுவிரலை அழுத்தினான், நகம் வெளுக்கும் வரை.

"தெரியுதா?"

"இல்லை."

"இது என்னோடது," என்றான் அவன், தன் கோட்டை வேறொருவர் போட்டிருப்பதைப் பார்த்தவன் போல. "போகும்போது உங்ககிட்ட கொஞ்சம் விட்டுட்டுப் போயிருக்கு."

காற்றில் கூடாரம் படபடத்தது. வரிசையில் யாரோ அவன் பெயரைக் கத்தினார்கள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அணி டாக்டர் பாக்கறார்," என்றான் அவன். "பிப்ரவரியில எல்லா அணி டாக்டருங்களும் சேர்ந்து பாத்தப்போ உணர்ச்சி வந்துட்டுப் போயிட்டிருந்துச்சு. நல்ல நாளாப் பாத்து மாட்டிக்காமத் தப்பிச்சேன். இப்போ முடியாது. ஊசியால குத்துவாங்க, இறுக்கிப் பிடின்னு சொல்வாங்க. நீங்க அந்த நாற்காலியில ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆடுவேன்."

"அடுத்த தடவை அதே இடத்துல அடிபட்டா ரெண்டு விரலோட நிக்காது. எழுந்திரிக்கவே முடியாமப் போகலாம். கழுத்தைப் படம் எடுக்கணும். நீங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் எடுப்பாங்க."

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." அவன் தரையைப் பார்த்தான். "உங்க ஊர்ல என்னை யாருக்கும் பிடிக்கலைன்னு தெரியும் மேடம். வாசல்ல ஒருத்தர் ஹாக்னர் பேரைப் போட்ட சட்டையோட நிக்கறார்."

"எனக்குப் பிடிச்சிருந்தது. குளிர்காலம் பூரா உங்களுக்காகச் சண்டை போட்டேன்."

"அப்போ நான் சரியான ஆளா இருக்க உதவி பண்ணுங்க."

அவள் வாயில் 'சரி' தயாராக இருந்தது. நாக்கு நுனியில், முழுதாக. ஒரு மணி நேரம், இரண்டு விரல். அவன் இந்த ஊரில் ஓடுவான், டுவேன் வாயடைத்து நிற்பார், அவள் சொன்னதுதான் சரி என்று ஆகும். சொல்லப்போன கணத்தில்தான் இந்தச் 'சரி' யாருடையது என்ற சந்தேகம் வந்தது. நேற்றும் இப்படித்தான், பேச்சு அவளைக் கேட்காமல் வாயில் வந்து நின்றது. தன்னுடையதா அவனுடையதா என்று பிரித்துப் பார்க்க அவளிடம் எந்த வழியும் இல்லை. அதனால் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. தலையாவது தன்னுடையது என்று நம்பினாள். நம்பிக்கை வந்த பிறகுதான் பேசினாள்.

"உட்கார மாட்டேன். நீங்களே டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன் மேடம்," என்றான் அவன், மரியாதையாக. குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு மேசைக்குத் திரும்பினான். நாலடி போனபின் திரும்பி, "பத்து மணி," என்றான்.

கடைக்குத் திரும்பி, நடந்ததை அவள் பெவ்விடமும் டுவேனிடமும் சொன்னாள். முடித்ததும் டுவேன் எழுந்து ஜன்னல் வரை போய் வந்தார்.

"அந்தக் கையை வெச்சுக்கிட்டா நாலு தடவை ஓடினான்?"

"ஆமா."

"அதுக்கப்புறம் மிச்ச வருஷம் பூரா?"

"ஆமா டுவேன். ஆனா விஷயம் அதில்ல..."

"அதுதான் விஷயம்." அவர் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. ஆட்டம் பார்க்கும்போது, அடிபட்டவன் நொண்டிக்கொண்டே மைதானத்துக்குத் திரும்பி வந்தால், இந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அந்த முகம். "ஹாக்னராம் ஹாக்னர். பல்லு வலிச்சா உக்காந்துடுவான் அவன். இவன்தான் நமக்குச் சரியான ஆள். நான் உக்காரறேன் நாளைக்கு. எனக்கு இந்த வயசுல ரெண்டு விரல் எதுக்கு?"

"அவன் செத்துப்போவான் டுவேன்!"

"இவ்வளவு நாள் சாகலையே." அலமாரியிலிருந்து ஜாடியை எடுத்தார், சட்டைப் பையிலிருந்து மூடி ஒன்றை எடுத்துப் போட்டார். 'சரியான ஆள்' ஜாடியின் அடியில் அது சுழன்று சுழன்று அடங்க நேரமாயிற்று. "காலையில வரேன் பெவ். சட்டையை எடுத்து வை." கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

பெவ் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெல்டாவுக்குத் தெரிஞ்சா அவளும் வருவா. நாளைக்குள்ள வரிசையே நிக்கும், எனக்கு உனக்குன்னு." உள்ளே போய்ச் சட்டையைக் கொண்டுவந்து ஜோலியின் கையில் திணித்தார். "எடுத்துட்டுப் போ. இங்க இருந்தா எவனாவது போட்டுப்பான். கேட்டா துவைக்கப் போட்டேன்னு சொல்லிக்கறேன்."

"என்கிட்ட கொடுக்கறீங்களே. நானும் போட்டுக்கலாமே."

"போட்டுக்கலாம்," என்றார் பெவ்.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, அடுப்பில் சூப்பை வைத்துவிட்டுத் திரும்பியபோது சட்டை சமையலறை நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. மாட்டியது அவள்தான். வேறு யாரும் வீட்டில் இல்லை. ஆனால் மாட்டிய நினைவு இல்லை. நாற்காலியின் சட்டத்தில் தோள்கள் கொஞ்சம் அகலமாகவே நின்றன. அவள் அதை இடது கையால் எடுத்துத் துணி துவைக்கும் எந்திரத்துக்குள் போட்டு மூடியை அழுத்தினாள். மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

சூப் கொதித்துப் பொங்கியது. பாத்திரத்தை இறக்கப் போன வலது கை அதன் உலோகக் கைப்பிடியில் பட்டது. மூன்று விரல் சுட்டு வெடுக்கென்று விலகியது. மற்ற இரண்டும் சூடான உலோகத்தின் மேலேயே நிதானமாக இருந்தன, அவளே பிடித்து எடுக்கும் வரை.

கட்டுப் போட்ட பிறகு மேசைக்கு அடியில் கிடந்த பேனாவை எடுத்து, இடது கையில் பிடித்து, காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

எஸ்ராவிடம் மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது நான்தான் என்று நினைக்கிறேன். சட்டை இங்கே இருப்பது பெவ்வுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நாளை, திங்கள்: காலை ஒன்பது மணிக்கு வேலை. பத்து மணிக்குத் திருமதி ஹாலரனுக்குக் கீழ்த்தாடைப் படம் எடுக்க வேண்டும். பதினொன்று வரை அறையை விட்டு வெளியே போகக் கூடாது.